இல்லத்தில் எடுக்கப்படும் டி.என்.ஏ. மாதிரி: தகவலும் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து டி.என்.ஏ. மாதிரி எடுப்பது, மருத்துவரோ செவிலியரோ இன்றி இல்லத்திலேயே செய்யத்தக்க செயலாக இன்று மாறியுள்ளது. முன்னர் மாதிரி எடுப்பதற்கு ஊசி தேவைப்பட்டது. ஊசிக்குப் பயிற்சி பெற்ற கை தேவைப்பட்டது. அந்தக் கைக்குரியவரே மாதிரி யாருடையது என்பதற்குச் சாட்சியாகவும் இருந்தார். ஊசி விலகியபோது அச்சாட்சியும் விலகிவிட்டார் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மாதிரியின் தரம், மாதிரிக்குரியவரின் அடையாளம், கணக்கீடு, ஒப்புதல் ஆகிய நான்கு நிலைகளில் இம்மாற்றத்தின் விளைவுகள் ஆராயப்படுகின்றன. இல்லத்தில் எடுக்கப்படும் மாதிரி தகவலைத் தரலாம். அதனால் மட்டும் அது சான்றாகிவிடாது என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: டி.என்.ஏ. மாதிரி, கன்னச் செல், கைமாற்றப் பதிவு, தந்தைமைச் சோதனை, ஒப்புதல், அந்தரங்க உரிமை.

முன்னுரை

1984-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், ஒவ்வொரு மனிதரையும் பிறரிடமிருந்து பிரித்தறிய உதவும் டி.என்.ஏ. வரிவடிவங்களைக் கண்டறிந்தார். அவர் கையாண்ட தொடக்க கால முறைக்கு மைக்ரோகிராம் அளவில் டி.என்.ஏ. தேவைப்பட்டது. ஆகவே இரத்தம் எடுப்பது இன்றியமையாததாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கேரி முல்லிஸ் கருத்துருவாக்கிய பாலிமரேஸ் சங்கிலி வினை, மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.வைப் பல கோடி மடங்காகப் பெருக்கும் வழியைத் திறந்தது. இவ்வினை அடையாளச் சோதனைக்குள் வந்தபின் தேவையான டி.என்.ஏ.வின் அளவு ஒரு நானோகிராம் அளவுக்குச் சுருங்கியது. மனிதச் செல் ஒன்றின் உட்கருவில் ஏறத்தாழ 6 பிக்கோகிராம் டி.என்.ஏ. உள்ளது. எனவே கணக்களவில் ஏறத்தாழ 170 செல்கள் கிடைத்தாலே ஒரு சோதனைக்குப் போதும். கன்னத்தை ஒருமுறை தேய்த்தால் அதனினும் மிகுதியான செல்கள் பஞ்சில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த அளவுச் சுருக்கமே மாதிரி எடுக்கும் இடத்தை மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்கு மாற்றியது. 2006-இல் தொடங்கப்பெற்ற 23அண்ட்மீ போன்ற நிறுவனங்கள் உமிழ்நீர்க் குப்பியை அஞ்சலில் அனுப்பிப் பெறும் வழக்கத்தைப் பரப்பின. கொரோனாத் தொற்றின்போது, 2021 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வீட்டிலேயே செய்துகொள்ளும் துரித ஆன்டிஜென் சோதனைக்கு இசைவளித்தது. மூக்கிலிருந்து தாமே மாதிரி எடுப்பது அதன்மூலம் இந்தியக் குடும்பங்களுக்கும் பழக்கமானது. ஆயினும் நோய்த்தொற்றுச் சோதனைக்கும் உறவுச் சோதனைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. முன்னதில் மாதிரியை மாற்றி வைப்பதால் எவருக்கும் பெரும் ஆதாயம் இல்லை. பின்னதில் மாதிரியின் முடிவையொட்டிச் சொத்தும் பராமரிப்பும் ஒரு குழந்தையின் பெயரும் நிற்கின்றன.

சொல் விளக்கம்

தமிழ் இதழ்களில் ‘மரபணுச் சோதனை’ என்னும் சொல்லே பெருவழக்காக உள்ளது. மரபணு என்பது புரதம் முதலானவற்றை ஆக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய டி.என்.ஏ. பகுதியைச் சுட்டும். உறவை அறியவும் ஆளை அடையாளம் காணவும் செய்யப்படும் சோதனைகளோ, பெரும்பாலும் புரதக் குறிப்பைத் தாங்காத பகுதிகளையே நோக்குகின்றன. இரண்டு முதல் ஆறு எழுத்து நீளமுள்ள சிறுதொடர் ஓரிடத்தில் எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என எண்ணுவதே இச்சோதனையின் சாரம். அவ்விடத்தைக் ‘குறியிடம்’ என்றும், அங்குக் காணப்படும் எண்ணிக்கை வடிவத்தை ‘அல்லீல்’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. ஆகவே ‘டி.என்.ஏ. சோதனை’ என்பதே பொருத்தமான வழக்காகும்.

‘மாதிரி’, ‘சான்று’ என்னும் சொற்களும் இங்குப் பிரித்துணரத்தக்கவை. மாதிரி என்பது உடலிலிருந்து எடுக்கப்பட்ட பொருள். சான்று என்பது அப்பொருள் இன்னாருடையது, இன்ன நாளில் இன்னார் முன்னிலையில் எடுக்கப்பட்டது, இடையில் மாறவில்லை என உறுதிசெய்யப்பட்டபின் அது அடையும் தகுதி. ஆய்வகம் மாதிரியை ஆராய்கிறது. நீதிமன்றம் சான்றைக் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே இல்ல மாதிரியின் அடிப்படைச் சிக்கல்.

மாதிரி எடுக்கும் முறையும் அதன் காரணங்களும்

இல்லத்தில் மாதிரி எடுக்க இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று, கன்னத்தின் உட்பரப்பைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தல். மற்றொன்று, ஏறத்தாழ 2 மில்லி உமிழ்நீரைக் குப்பியில் சேர்த்துப் பாதுகாப்புக் கரைசலுடன் கலத்தல். உமிழ்நீர் தன்னளவில் நீரே. அதில் மிதக்கும் கன்னச் செல்களும் வெள்ளணுக்களுமே டி.என்.ஏ.வைத் தருகின்றன. வாயில் வாழும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வும் உடன் வரும். ஆயினும் அடையாளச் சோதனையின் வினைப்பொருள்கள் மனித டி.என்.ஏ.வை இலக்காகக் கொண்டவை என்பதால், அது முடிவைப் பெரிதும் பாதிப்பதில்லை.

சோதனைப் பெட்டியுடன் வரும் அறிவுரைகள் சடங்குபோலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மாதிரி எடுப்பதற்கு அரைமணி நேரத்திற்கு முன்பிருந்தே உணவு, பானம், புகை, வெற்றிலை முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றின் எச்சங்கள் பாலிமரேஸ் வினைக்குத் தடையாகலாம். கைக்குழந்தையாயின், தாய்ப்பால் அருந்திய உடனே மாதிரி எடுத்தல் கூடாது. தாய்ப்பாலில் தாயின் செல்கள் உள்ளமையால் குழந்தையின் மாதிரியில் தாயின் அல்லீல்கள் கலந்து தோன்றும். பஞ்சின் நுனியை விரலால் தொடுதலும், உலர்த்துவதற்காக வாயால் ஊதுதலும் பிறர் செல்லைக் கலக்கும் வழிகள்.

மாதிரி எடுத்தபின் பஞ்சுக்குச்சியை நன்கு உலரவிட்டுக் காகித உறையில் இடுவது மிக இன்றியமையாதது. ஈரம் நிலைத்தால் பாக்டீரியாக்கள் பெருகும். நியூக்ளியேஸ் நொதிகள் டி.என்.ஏ. இழையைத் துண்டாடும். ஈரப் பஞ்சை நெகிழி உறையிலிட்டு வெப்பமான நாளில் அஞ்சலில் அனுப்புவது மாதிரியை அழிப்பதற்கு ஒப்பாகும். உமிழ்நீர்க் குப்பியில் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் கரைசல் இருப்பதால் அதற்கு இக்கவலை குறைவு.

தலைமுடியை மாதிரியாகக் கொள்வதில் பரவலான தவறெண்ணம் ஒன்று உள்ளது. வழக்கமான சோதனைக்குத் தேவையான உட்கரு டி.என்.ஏ. முடியின் வேர்ப்பகுதியில்தான் போதிய அளவு உண்டு. சீப்பில் உதிர்ந்து கிடக்கும் முடியிலும் கத்தரித்த முடியிலும் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வே எஞ்சும். அது தாய்வழியாக மட்டுமே வருவது. ஆதலின் தந்தைமையைப் பற்றி அதனால் எதுவும் கூற இயலாது.

மாதிரி எந்த உடற்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தில் கொடையாளரின் டி.என்.ஏ. இருக்கும். கன்ன மாதிரியிலும் வெள்ளணுக்கள் வழியாக அது கலந்து தோன்றலாம். மருத்துவமனையில் மாதிரி எடுப்பவர் இதனைக் கேட்டறிந்து பதிவு செய்வார். இல்லத்தில் படிவம் கேட்டாலன்றி இச்செய்தி ஆய்வகத்தை எட்டாது.

கலப்பு: ஹெயில்புரோன் வழக்கு

ஜெர்மனியின் ஹெயில்புரோன் நகரில் 2007-இல் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விடத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய நாடுகளில் நிகழ்ந்த ஏறத்தாழ 40 குற்றங்களின் தடயங்களோடு ஒத்திருந்தது. கொலை, திருட்டு எனத் தம்முள் தொடர்பற்ற குற்றங்கள் அவை. காவல்துறை அப்பெண்ணைப் பல ஆண்டுகள் தேடியது. ஆண் ஒருவரின் ஆவணத்தில் எடுத்த தடயத்திலும் அதே பெண்ணின் டி.என்.ஏ. தோன்றியபோது ஐயம் பிறந்தது. 2009 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. அது குற்றவாளியின் டி.என்.ஏ. அன்று, தடயம் எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைப் பொதியும் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளியினுடையது.

அப்பஞ்சுக்குச்சிகள் நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட்டவையே. நுண்ணுயிரைக் கொல்வதும் டி.என்.ஏ.வை நீக்குவதும் ஒன்றல்ல என்பதே இவ்வழக்கு உணர்த்திய பாடம். செல் இறந்தபின்னும் அதன் டி.என்.ஏ. எஞ்சுகிறது. இதன்பின், தடயவியல் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலப்பைக் குறைப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 18385 என்னும் பன்னாட்டுத் தர நெறி 2016-இல் வெளியிடப்பட்டது. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுக்குச்சியைச் சோதனைப் பெட்டியின் குச்சிக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதிரி யாருடையது?

கலப்பைவிடக் கடினமான வினா அடையாளம் பற்றியது. டி.என்.ஏ. வரிவடிவத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. உறையின்மேல் எழுதப்பட்ட பெயரையே ஆய்வகம் நம்புகிறது.

டி.என்.ஏ. வழியாகக் கொலையாளி கண்டறியப்பட்ட முதல் வழக்கே இதற்குச் சான்று பகர்கிறது. லெஸ்டர்ஷயரில் 1983-இலும் 1986-இலும் இரு சிறுமியர் கொல்லப்பட்டதையொட்டி, அப்பகுதி ஆண்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் காவல்துறை இரத்தமும் உமிழ்நீரும் பெற்றது. கொலையாளியான காலின் பிட்ச்ஃபோர்க், தம்முடன் பணியாற்றிய ஒருவரைத் தம் பெயரில் மாதிரி அளிக்கச் செய்தார். அதற்கெனக் கடவுச்சீட்டில் நிழற்படத்தையும் மாற்றியிருந்தார். ஆய்வகத்தில் பிழை எதுவும் நிகழவில்லை. வந்த மாதிரி கொலையாளியினுடையது அன்று. ஆதலின் அது பொருந்தவில்லை. ஆள்மாறாட்டம் செய்தவர் 1987-இல் மதுவிடுதியில் பேசிய பேச்சே உண்மையை வெளிக்கொணர்ந்தது. 1988-இல் பிட்ச்ஃபோர்க் தண்டிக்கப்பட்டார். காவல்துறையே முன்னின்று எடுத்த மாதிரியில் ஆள்மாறாட்டம் இயன்றதெனில், எவரும் முன்னில்லாத இல்லத்தில் அதன் வாய்ப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்குறையைப் போக்கவே சட்டவழிச் சோதனைகளில் ‘கைமாற்றப் பதிவு’ வலியுறுத்தப்படுகிறது. மாதிரி அளிப்பவரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்தல், நிழற்படமும் கையொப்பமும் பெறுதல், முடிவில் தமக்கு நலனற்ற ஒருவர் மாதிரி எடுத்தல், அவரே உறையிட்டு முத்திரையிடல், உறை ஒவ்வொரு கைக்கும் மாறிய நாளையும் நேரத்தையும் குறித்தல் ஆகியன அதன் கூறுகள். அமெரிக்கக் குடிவரவுக்காகச் செய்யப்படும் உறவுச் சோதனையில், ஏ.ஏ.பி.பி. என்னும் அமைப்பின் ஏற்புப் பெற்ற ஆய்வகத்தின் முடிவே கொள்ளப்படுகிறது. வெளிநாட்டிலுள்ள விண்ணப்பதாரரின் மாதிரி தூதரக ஏற்பாட்டின்படியே எடுக்கப்படுகிறது. குடும்பத்தினர் தாமே எடுத்து அனுப்பிய மாதிரிக்கு அங்கு இடமில்லை.

இல்லப் பொருள்களே மாதிரியாகும் சூழல்களும் உள்ளன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில், இறந்தோர் பயன்படுத்திய பல்துலக்கி, சீப்பு, சவரக்கத்தி ஆகியன அவர்தம் வீடுகளிலிருந்து பெறப்பட்டு உடற்பகுதிகளோடு ஒப்பிடப்பட்டன. இல்ல மாதிரி இங்கு மாற்றில்லாத் துணையாகிறது. ஆயினும் ஒரே சீப்பை இருவர் பயன்படுத்தும் வீட்டில், ‘இது யாருடைய சீப்பு’ என்னும் வினா மறைவதில்லை. இதனால்தான் பெற்றோர், மக்கள் முதலிய நெருங்கிய உறவினரின் மாதிரியும் உடன் பெறப்பட்டு இருவழியில் ஒப்புநோக்கப்படுகிறது.

கணக்கீடும் விடுபட்ட தாயும்

இல்லச் சோதனைகளில் தந்தையென ஐயுறப்படுபவர், குழந்தை ஆகிய இருவரின் மாதிரிகள் மட்டுமே அனுப்பப்படுவது உண்டு. தாயின் மாதிரி விடுபடுவதற்குக் காரணம் பல வேளைகளில் தாய்க்குச் செய்தி தெரிவிக்கப்படாமையே. இவ்விடுபாடு அறத்தை மட்டுமன்றி அறிவியல் வலிமையையும் குறைக்கிறது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

டி.எச்.01 என்னும் குறியிடத்தில் குழந்தையின் அல்லீல்கள் 6, 9.3 எனக் கொள்வோம். சோதிக்கப்படும் ஆணின் அல்லீல்கள் 6, 8. இருவரையும் மட்டும் ஒப்பிட்டால் 6 பொதுவாக இருப்பதால் அவர் தந்தையாக இருக்கக்கூடும் எனத் தோன்றும். தாயின் அல்லீல்கள் 6, 7 எனத் தெரிந்தால் நிலைமை தலைகீழாகிறது. குழந்தை 6-ஐத் தாயிடமிருந்து பெற்றதால் 9.3 தந்தையிடமிருந்தே வந்திருக்க வேண்டும். சோதிக்கப்பட்ட ஆணிடம் அது இல்லை. தாயின் மாதிரி இன்றிப் பொருத்தமாகத் தோன்றிய குறியிடம், தாயின் மாதிரியோடு பொருந்தாமையைக் காட்டுகிறது. ஒரு குறியிடத்தின் பொருந்தாமை மரபுத் திரிபாலும் நிகழலாம் என்பதால், ஆய்வகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருந்தாமைகளைக் கண்ட பின்னரே ஒருவரை விலக்குகின்றன. எனினும் ஒவ்வொரு குறியிடத்தின் பிரித்தறியும் வலிமையும் தாயின் மாதிரியால் கூடுகிறது என்பது தெளிவு.

அறிக்கையில் காணப்படும் 99.99 விழுக்காடு போன்ற எண்ணும் ஓர் எடுகோளின் மீது நிற்பது. சோதிக்கப்பட்டவர் தந்தை அல்லரெனில், உண்மையான தந்தை அவருக்கு உறவற்ற யாரோ ஒருவர் என்பதே அந்த எடுகோள். உடன்பிறந்த ஆடவர் இருவர் சராசரியாகப் பாதியளவு டி.என்.ஏ.வைப் பகிர்வதால், ஐயம் அண்ணன் தம்பியரிடையே எழுந்தால் கணக்கீட்டையே மாற்ற வேண்டும். தாய்மாமனை மணத்தலும், அத்தை மகன், மாமன் மகள் முதலிய உறவுக்குள் மணத்தலும் வழக்கிலுள்ள தமிழ்ச் சமூகத்தில் இது கூடுதல் கவனத்திற்குரியது. கணவனும் மனைவியும் நெருங்கிய உறவினராயின், குழந்தையும் கணவரும் தாய்வழியாகவும் அல்லீல்களைப் பகிரக்கூடும். கணவர் தந்தையாக இல்லாத நிலையிலும் சில குறியிடங்கள் பொருந்தித் தோன்ற இது வழிவகுக்கும். பயிற்சி பெற்ற ஆய்வாளர் இவ்வுறவைக் கேட்டறிந்து கணக்கிடுவார். அஞ்சல் உறையில் வரும் இரு குச்சிகள் உறவுமுறையைச் சொல்வதில்லை.

ஒப்புதல்: யார் அளிப்பது, யாருக்காக?

வயதுவந்த ஒருவர் தம் மாதிரியைத் தாமே எடுத்து அனுப்புகையில் ஒப்புதல் தெளிவாக உள்ளது. பிறருடைய மாதிரியை அவரறியாமல் எடுப்பது வேறு செயல். தேநீர்க் கோப்பை, பல்துலக்கி, நகத்துண்டு ஆகியன எவர் கைக்கும் எட்டுபவை. இரத்தம் எடுப்பதை ஒருவர் அறியாமல் செய்ய இயலாது. ஊசியின் வலியே அவருக்கு அறிவிப்பாக அமைந்தது. பஞ்சுக்குச்சிக்கு அத்தகைய அறிவிப்பு இல்லை.

இதனை உணர்ந்து சில நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. பிரித்தானியாவின் மனிதத் திசுச் சட்டம், 2004, உரிய ஒப்புதலின்றி டி.என்.ஏ.வை ஆராயும் நோக்குடன் ஒருவரது உடற்பொருளை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஜெர்மனியில் 2010-இல் நடைமுறைக்கு வந்த மரபணு நோயறிதல் சட்டம் மறைவான தந்தைமைச் சோதனையைத் தடுக்கிறது. பிரான்சில் நீதிமன்ற ஆணையின்றித் தனியார் தந்தைமைச் சோதனை செய்வித்தல் தண்டத்திற்குரியது.

இந்தியாவில் இத்தகைய தனிச்சட்டம் இல்லை. 2019 ஜூலையில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா, நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பின் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டி.என்.ஏ. தரவைத் தனிக் கவனத்திற்குரிய வகையாகப் பிரிக்கவில்லை. அச்சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. பொதுவான சூழலில் இது குழந்தைக்குப் பாதுகாப்பாகும். தந்தைமை பற்றிய பூசலில் ஒப்புதல் அளிக்கும் பெற்றோரே வழக்கின் ஒரு தரப்பினராகவும் இருப்பர். குழந்தையின் நலனுக்கு மாறான நோக்குடையவரே குழந்தையின் சார்பில் இசைவு தரும் முரண் இங்கு எழுகிறது.

இந்திய நீதிமன்றங்களின் நோக்கு

சட்டத்தின் இவ்வெற்றிடத்தை நீதிமன்றத் தீர்ப்புகளே ஓரளவு நிரப்பியுள்ளன. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, சட்டப்படியான திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முடிவுற்றபின் தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாள்களுக்குள்ளோ பிறந்த குழந்தையை அக்கணவரின் குழந்தையென முடிவான மெய்ப்பாகக் கொண்டது. கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை எனக் காட்டுவது ஒன்றே அதற்கு விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவும் இதனையே தொடர்கிறது.

1993-இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டவுடன் இரத்தச் சோதனைக்கு ஆணையிடலாகாது என்றது. அவ்வாணையால் குழந்தையும் தாயும் அடையக்கூடிய இழிவை நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் எனவும் அறிவுறுத்தியது. 2014-இல் மற்றொரு வழக்கில், சட்டத்தின் ஊகமும் டி.என்.ஏ. முடிவும் முரண்பட்டபோது அறிவியல் முடிவே மேலோங்கும் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரு தீர்ப்புகளையும் முரணாகக் காண்போர் உளர். ஆனால் 2014-ஆம் ஆண்டு வழக்கில் சோதனை நீதிமன்ற ஆணைப்படி அரசு ஆய்வகத்தில் நிகழ்ந்தது. முதல் முடிவைத் தாய் ஏற்க மறுத்தபோது ஐதராபாத்திலுள்ள மத்தியத் தடயவியல் ஆய்வகத்தில் மறுசோதனையும் செய்யப்பட்டது. நீதிமன்றம் மேலோங்கச் செய்தது அத்தகைய சான்றையே.

2023 பிப்ரவரியில் வழங்கப்பெற்ற தீர்ப்பு இல்லச் சோதனையின் எல்லைக்கு மிக அருகில் வருகிறது. மணமுறிவு வழக்கொன்றில் கணவர், தனியார் ஆய்வகத்தில் தாம் செய்வித்த டி.என்.ஏ. சோதனையின் முடிவைச் சுட்டி, குழந்தையை நீதிமன்றத்தின் வழியே சோதிக்குமாறு கோரினார். கீழமை நீதிமன்றங்கள் இசைந்தன. உச்ச நீதிமன்றம் அவ்வாணைகளை நீக்கியது. கணவன் மனைவியிடையே கூடிவாழ வாய்ப்பில்லை என்னும் அடிப்படை வாதமே அவ்வழக்கில் இல்லை. மனைவியின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டைப் பிற சான்றுகளால் மெய்ப்பிக்கலாம். வழக்கில் தரப்பினராக இல்லாத குழந்தையை அதற்குக் கருவியாக்கலாகாது என்பன தீர்ப்பின் சாரம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்னும் 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு, குழந்தைக்கும் உரியது என்பது இதனால் வலுப்பெற்றது.

ஒருவரின் மாதிரி, பலரின் தகவல்

மாதிரி அளிப்பவரோடு ஒப்புதல் முடிந்துவிடுவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் எனப் பலர் அத்தகவலில் பங்குடையவர். 2018 ஏப்ரலில் கலிபோர்னியாவில் கைதான தொடர் கொலையாளியைக் காவல்துறை கண்டறிந்தது, ஜிஇடிமேட்ச் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் அவருடைய தொலைவு உறவினர்கள் தம் முன்னோரை அறியும் ஆர்வத்தில் பதிவேற்றிய தகவலால்தான். கொடிய குற்றவாளி பிடிபட்டது நன்மையே. எனினும் அவ்வுறவினர்கள் அந்நோக்கத்திற்காகத் தம் தகவலை அளிக்கவில்லை.

2023-இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் ஏறத்தாழ 14,000 கணக்குகளுக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள், உறவினரைக் காட்டும் வசதியின் வழியே ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல்களை எடுத்தனர். 14,000 எண்ணுக்கும் 69 இலட்சத்துக்கும் இடையிலான விகிதமே, ஒருவர் இல்லத்தில் குப்பியை நிரப்பும்போது எத்தனை பேரின் கதவு திறக்கிறது என்பதைக் காட்டுகிறது. அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே ஆண்டில் அதன் உடைமை வேறோர் அமைப்புக்கு மாறியது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். டி.என்.ஏ.வை மாற்றிக்கொள்ள இயலாது.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தேவைப்படும் டி.என்.ஏ.வின் அளவு சுருங்கியதே மாதிரி எடுப்பதை இல்லத்திற்குக் கொணர்ந்தது. அதனுடன் மருத்துவர் அல்லது செவிலியர் என்னும் நடுநிலைச் சாட்சி நீங்கினார்.

2. உலர்த்தல், காகித உறை, உணவு தவிர்த்தல் முதலிய நெறிகளைக் கடைப்பிடித்தால் இல்ல மாதிரியின் தரம் ஆய்வுக்குப் போதுமானதாக அமையும். தரத்தில் குறையின்மை அடையாளத்தை உறுதிசெய்வதில்லை.

3. தாயின் மாதிரியை விலக்கிய சோதனை வலிமை குன்றியது. உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் அவ்வுறவைத் தெரிவிக்காது பெறும் விழுக்காட்டு எண் தவறாக வழிநடத்தக்கூடும்.

4. பிறர் அறியாமல் மாதிரி எடுப்பதைத் தடுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் தேவைப்படுகிறது. தந்தைமைப் பூசலில் குழந்தையின் சார்பில் ஒப்புதல் அளிக்கும் உரிமை, பூசலில் தரப்பினராக உள்ள பெற்றோரிடம் மட்டும் விடப்படலாகாது.

5. சோதனை முடிவை அளிக்கும் ஆய்வகங்கள், மாதிரி சாட்சி முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்பதை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே தமிழில் தெளிவுறக் குறிப்பிடுதல் நலம்.

தன் முன்னோரைப் பற்றி அறிய விழையும் ஒருவருக்கு இல்ல மாதிரி தடையற்ற வழியாகும். பேரிடரில் மாண்டவரைத் தேடும் குடும்பத்திற்கு அது இறுதித் துணையாகவும் அமையும். ஒரு குழந்தையின் பிறப்பைப் பற்றித் தீர்ப்புரைக்க அதனைக் கொள்ளும்போது மட்டும், மாதிரி எடுத்த கை யாருடையது, எடுக்கப்பட்டது யாரிடமிருந்து, யார் இசைந்தார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அவ்விடைகள் பஞ்சுக்குச்சியில் இல்லை. அவற்றை அளிக்க மற்றொரு மனிதர் உடனிருந்தாக வேண்டும்.